நீரில் இறங்கும் விமானம்: கணிப்பொறி போடும் கணக்கு

கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள் ஓர் உண்மையை உடம்பால் அறிவார்கள். கைகளை நீட்டிக் கூராகப் பாய்ந்தால் நீர் வழிவிடுகிறது. அதே மேட்டிலிருந்து வயிறு பட விழுந்தால் ‘சளார்’ என்ற ஓசையோடு தோல் சிவந்து எரிகிறது. நீர் அதே நீர்தான். உயரமும் அதே உயரந்தான். நீரைத் தொட்ட பரப்பும் கோணமும் மட்டுமே மாறின.

இனி, எழுபது டன் எடையுள்ள ஒரு பயணி விமானத்தை எண்ணிப் பாருங்கள். எஞ்சின்கள் நின்றுவிட்டன; ஓடுபாதை எட்டாத தூரத்தில் இருக்கிறது; கீழே ஆறோ கடலோதான் உள்ளது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது தன் வயிற்றை நீரில் பதிக்க வேண்டும். உடல் பிளக்காமல் நிற்குமா? மூக்கு கவிழ்ந்து மூழ்குமா? பயணிகள் வெளியேறும் வரை மிதக்குமா?

இக்கேள்விகளுக்கு விடை கூறாமல் ஒரு விமானத்தை நீரில் இறங்கத் தகுதியுடையது என்று சான்றளிக்க விதிகள் இடங்கொடா. ஆனால் விடை காண்பதற்காகப் பல கோடி ரூபாய் பெறுமானமுள்ள ஒரு முழு விமானத்தைக் கடலில் மோதிப் பார்ப்பாரும் இல்லை. எனவே நிகழ்ச்சியை எண்களைக் கொண்டே கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்கிறார்கள். இதனை ‘எண்வழி ஒத்திகை’ எனலாம். அந்த ஒத்திகை எப்படி நடக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மூன்று நிகழ்ச்சிகள்

1956ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். ஹானலூலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகுரூசர் விமானத்தில் நான்கு எஞ்சின்களுள் இரண்டு பழுதாயின. விமானி ரிச்சர்டு ஆக், பசிபிக் கடலில் நின்ற அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கப்பலுக்கு மேலே வட்டமிட்டபடியே விடியும் வரை காத்திருந்தார். அதற்கு முந்திய ஆண்டில் இதே வகை விமானம் ஒன்று கடலில் இறங்கியபோது அதன் வால் முறிந்ததை அவர் அறிந்திருந்தார். ஆகவே பின்புறம் இருந்த பயணிகளை முன்னே வந்து அமரச் செய்தார். விமானம் நீரைத் தொட்டதும், அவர் அஞ்சியபடியே வால் முறிந்தது. உள்ளே இருந்த 31 பேரும் உயிர் பிழைத்தனர்.

1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கடத்தப்பட்ட எத்தியோப்பிய போயிங் 767 விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவுகளுக்கு அருகே கடலில் இறங்கியது. இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் அப்பக்கத்து இறக்கையும் எஞ்சினும் முதலில் நீரில் சிக்கின. விமானம் சுழன்று துண்டு துண்டாயிற்று. 175 பேரில் 125 பேர் மாண்டனர்.

2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இரு எஞ்சின்களிலும் காட்டு வாத்துக்கள் மோதின. மூன்றரை நிமிடத்திற்குள் விமானி சல்லன்பர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர்.

ஒரே வகைச் செயலுக்கு மூன்று வெவ்வேறு முடிவுகள். சாய்வு, கோணம், இறங்கும் வேகம் ஆகியவற்றில் உள்ள சிறு வேறுபாடுகளே இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

நீர் ஏன் கல்லாகிறது?

நீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. ஓடும் பாய்பொருளைத் தடுத்து நிறுத்தினால் தோன்றும் அழுத்தம், அடர்த்தியின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. ஹட்சன் ஆற்றைத் தொட்டபோது விமானத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 64 மீட்டர். இந்த எண்ணை இட்டுப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு இருபது லட்சம் நியூட்டன், அதாவது 20 வளிமண்டல அழுத்தம்! வானில் உயரப் பறக்கும்போது விமான உடலின் தகடு தாங்குவதோ அரை வளிமண்டலத்தைச் சற்றே தாண்டிய அழுத்த வேறுபாடுதான்.

இவ்வளவு அழுத்தமும் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் தாக்குவதில்லை என்பதே நற்பேறு. நீர் புதிதாகத் தகட்டைத் தொடும் விளிம்பில், ஒரு குறுகிய பட்டையில், கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய நேரத்திற்கே அந்த உச்சம் நிலவுகிறது. பிறகு பட்டை நகர்ந்துவிடுகிறது. அழுத்தம் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் கணக்கைக் கடினமாக்குகிறது.

காகிதத்தில் போட்ட முதற் கணக்கு

கணிப்பொறிக்கு முன்பே இக்கணக்கைத் தொடங்கியவர் தியோடர் வான் கார்மன். 1929இல் நீர்விமானங்களின் மிதவைகள் தாங்கும் தாக்குதலை அவர் ஆராய்ந்தார். ஓடிக்கொண்டிருக்கும் தள்ளுவண்டியில் ஒரு மணல் மூட்டையை இறக்கி வைத்தால் வண்டியின் வேகம் குறையும் அல்லவா? அதைப் போலவே, ஆப்பு வடிவமான மிதவை நீரில் இறங்கும்போது தன்னோடு சேர்த்து ஒரு பகுதி நீரையும் நகர்த்த வேண்டியுள்ளது. நீரில் நனைந்த அகலத்தை விட்டமாகக் கொண்ட அரை உருளை அளவு நீர், மிதவையின் நிறையோடு சேர்ந்துகொள்வதாக அவர் கொண்டார். மொத்த உந்தம் மாறாது. நிறை கூடக் கூட வேகம் குறைகிறது. வேகம் குறையும் விகிதத்திலிருந்து விசை கிடைக்கிறது.

1932இல் ஹெர்பர்ட் வாக்னர் இதைத் திருத்தினார். ஆப்பு இறங்கும்போது நீர் மட்டம் அப்படியே இருப்பதில்லை. இரு பக்கமும் எழும்பிப் புடைக்கிறது. ஆகவே நனையும் அகலம் வான் கார்மன் எண்ணியதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்று காட்டினார். அவர் கணக்கின்படி, ஆப்பின் அடிப்பக்கம் கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் இருப்பதற்கும் 10 பாகையில் இருப்பதற்கும் உச்ச அழுத்தத்தில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. கிணற்றில் வயிறு எரிந்ததன் காரணம் இதுவே.

மாதிரித் தொட்டி காட்டாதவை

விமானம் நேராக விழும் ஆப்பு அன்று. அது இறங்குவதைவிடப் பன்மடங்கு வேகமாக முன்னோக்கி ஓடுகிறது. அதனால் நீண்டகாலம் சிறு மாதிரிகளைச் செய்து, நீர்த்தொட்டியில் எறிந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1940களிலும் 1950களிலும் இத்தகைய சோதனைகள் ஏராளமாக நடந்தன. மாதிரியைச் சோதித்துப் பார். அல்லது நடத்தை முன்பே தெரிந்த ஒத்த வடிவமுள்ள விமானத்தோடு ஒப்பிட்டுக் காட்டு என்பதே விதிநூலின் வழி.

இந்தச் சோதனைகள் ஒரு புதிரைக் காட்டின. அதை நீங்கள் வீட்டிலேயே காணலாம். குழாயிலிருந்து விழும் நீர்த்தாரைக்கு அருகே ஒரு கரண்டியின் முதுகைப் பிடியுங்கள். நீர் கரண்டியை விலக்கித் தள்ளாது; தன்பக்கம் இழுக்கும்! வளைந்த பரப்பை ஒட்டி ஓடும் நீரில் அழுத்தம் குறைகிறது. விமானத்தின் பின்னுடலும் வாலை நோக்கி மேலே வளைந்த ஒரு கரண்டி முதுகுதான். நீர் அதைக் கீழே இழுக்கிறது, மூக்கு மேலெழுகிறது, பிறகு மூக்கு ‘தடால்’ என்று விழக்கூடும்.

இங்கேதான் சிறு மாதிரி நம்மை ஏமாற்றுகிறது. பத்தில் ஒரு பங்கு மாதிரியில், அலையும் ஈர்ப்பும் ஒத்துவர வேண்டுமானால் வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அப்போது நீரின் அழுத்தங்கள் யாவும் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் தொட்டியின் மேலுள்ள வளிமண்டலம் குறைவதில்லை. உண்மை விமானத்தின் அடியில் இழுப்பு மிகுந்தால் நீர் ஆவியாகிக் குமிழிகள் தோன்றும்; இழுப்பு அத்தோடு நின்றுவிடும். மாதிரியிலோ குமிழி தோன்றாது. இழுப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியலாம். மேலும் மாதிரியின் உடல் உண்மை விமானத்தின் தகட்டைப் போல நெளிவதுமில்லை.

கட்டங்களும் துகள்களும்

கணிப்பொறியின் வழி வேறு. விமானத்தைச் சூழ்ந்த நீரையும் காற்றையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நீருக்கு நியூட்டனின் விதியை எழுதுகிறார்கள்: பக்கத்துக் கட்டங்கள் எவ்வளவு தள்ளுகின்றன, அதனால் வேகம் எவ்வளவு மாறுகிறது? ஒரு சிறு கணத்திற்கு விடை கண்டதும், அதையே தொடக்கமாகக் கொண்டு அடுத்த கணத்திற்கு மீண்டும் அதே கணக்கு.

நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய ஓர் எளிய உபாயம் உண்டு. 1981இல் ஹெர்ட், நிக்கல்ஸ் என்ற இருவர் இதை விளக்கினர். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு படியாகக் கொள்ளுங்கள். படி நிறைய நீர் என்றால் 1. வெறும் காற்று என்றால் 0. பாதி நீர் என்றால் அரை. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண் உள்ள கட்டங்களின் வழியேதான் நீர்மட்டம் செல்கிறது.

இதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று பார்ப்போம். நீளம் 60 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழமும் உயரமும் சேர்ந்து 10 மீட்டர் உள்ள ஒரு பெட்டியை ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 1,200 கோடி கட்டங்கள் வரும். நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்கிறது. ஒலியலையையும் விடாமல் கணிக்கும் வழக்கமான முறையில், ஒரு காலடியில் செய்தி ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது நியதி. எனவே காலடி ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் ஏழு பங்கு வினாடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே ஒரு வினாடியைக் கணிக்க ஒன்றரை லட்சம் காலடிகள் வேண்டும்! கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, காலடிகள் இரு மடங்கு. ஆக வேலை 16 மடங்கு.

இதனால் விமானத் தகட்டை ஒட்டி மட்டும் நுண்ணிய கட்டங்களும், விலகிய இடத்தில் பெரிய கட்டங்களும் அமைப்பார்கள். அதற்கும் முன்னதாக, விமான உடலை வாழைத்தண்டு அரிவதுபோல் குறுக்கே வில்லைகளாக வெட்டி, ஒவ்வொரு வில்லைக்கும் வான் கார்மன், வாக்னர் முறையையே பயன்படுத்தும் விரைவுக் கணக்கு ஒன்றைப் போடுவார்கள். அதைக் கொண்டு பற்பல நிலைகளைச் சோதித்து, ஐயத்திற்கிடமான சிலவற்றை மட்டும் நுண்கணக்குக்கு அனுப்புவார்கள். பழைய காகிதக் கணக்கு இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

நீர் சிதறித் தெறிக்கும் இடத்தில் கட்டங்கள் தடுமாறும். அங்கே கைகொடுப்பது துகள் முறை. இது விண்மீன்களை ஆராய்வதற்காக 1977இல் லூசி என்பவராலும், கிங்கோல்டு, மோனகன் ஆகியோராலும் தனித்தனியே உருவாக்கப்பட்டது. 1994இல் மோனகன் இதை நீர்மட்டம் உள்ள ஓட்டங்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார். நீரை எண்ணற்ற துகள்களாகக் கொள்வது இதன் அடிப்படை. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்பவருக்குத் தம்மைச் சுற்றி நிற்கும் சிலரின் நெருக்குதல்தான் தெரியும். ஆனாலும் கூட்டம் முழுவதும் ஓர் அலையாக அசைகிறது. அதுபோல் ஒவ்வொரு துகளும் தன் அண்டைத் துகள்களின் தள்ளுதலை மட்டும் கூட்டிப் பார்த்து நகர்கிறது. தெறிக்கும் திவலைகளும் தாமாகவே கணக்கில் வந்துவிடுகின்றன.

தகடும் நீரும் பேசிக்கொள்ளுதல்

நீரை மட்டும் கணித்தால் போதாது. விமானத்தின் உடல், வளையச் சட்டங்களின்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்தி ரிவெட் அடித்தது. நீர் அழுத்தும்போது தகடு உட்குழிகிறது. தகடு குழிந்ததும் நீர் ஓடும் வழி மாறுகிறது. வழி மாறியதும் அழுத்தம் மாறுகிறது. எனவே நீரின் கணக்கும் தகட்டின் கணக்கும் ஒவ்வொரு காலடியிலும் ஒன்றுக்கொன்று விடையைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். மகிழுந்து மோதல்களை ஆராய்வதற்காக வளர்ந்த கணிப்பொறித் திட்டங்களே, தகடு எங்கே நெளியும், எங்கே கிழியும் என்பதை இங்கும் கணித்துத் தருகின்றன.

இவ்வளவும் செய்து வண்ணப்படம் ஒன்றைக் கணிப்பொறி வரைந்துவிட்டால் அது உண்மையாகிவிடுமா? ஆகாது. தவறான கணக்கும் அழகான படத்தையே தரும். முதலில் கட்டங்களைச் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். விடை மாறிக்கொண்டே இருந்தால் கணக்கு இன்னும் முதிரவில்லை என்று பொருள். அடுத்து, அளந்த உண்மையோடு ஒப்பிட வேண்டும்.

அத்தகைய அளவைகளுக்காகவே ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சித் திட்டம் ஒன்று 2011இல் தொடங்கப்பட்டது. ரோம் நகரிலுள்ள கடற்கல ஆய்வு நிலையத்தில், ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள அலுமினியத் தகடுகளைச் சாய்வாகப் பிடித்து, தண்டவாளம் போன்ற வழிகாட்டியின் மேல் விரையச் செய்து நீரில் மோதவிட்டனர். வேகம் வினாடிக்கு 30 முதல் 45 மீட்டர் வரை. இது மாதிரித் தொட்டி வேகமன்று. உண்மை விமானத்தின் வேகத்தை நெருங்குவது. தடித்த தகடு, மெல்லிய தகடு, தட்டையானது, வளைந்தது எனப் பலவற்றிலும் அழுத்தத்தையும் நெளிவையும் அளந்தனர். மெல்லிய தகடு குழியும்போது ஓரிடத்து உச்ச அழுத்தம் குறைகிறது. ஆனால் தகடு முழுவதும் தாங்கும் மொத்த விசை கூடவும் செய்கிறது என்பது தெரியவந்தது. தகட்டை இரும்புப் பாறையாக எண்ணிப் போட்ட கணக்கு இதைக் காட்டியிராது.

எந்த எண்ணை இடுவது?

கணிப்பொறி எவ்வளவு திறமையாகக் கணித்தாலும், கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். ஹட்சன் ஆற்று நிகழ்ச்சி இதைத் தெளிவாக உணர்த்தியது.

ஏ320 விமானத்தின் நீரிறக்கத் தகுதியை ஆராய்ந்தபோது, அது வினாடிக்கு மூன்றரை அடி வீதம் மெல்ல இறங்கும் என்று கொண்டிருந்தனர். 2009இல் அது உண்மையில் இறங்கியது வினாடிக்குப் பன்னிரண்டரை அடி வீதம். வேகம் மூன்றரை மடங்கு. செங்குத்து இயக்கத்தின் ஆற்றலோ அதன் இருமடியாகையால் ஏறத்தாழ 13 மடங்கு. பின்னுடலின் அடிப்பகுதி சிதைந்தது. சட்டத்தின் ஒரு துண்டு தரையைத் துளைத்து மேலே வந்து விமானப் பணிப்பெண் ஒருவரைக் காயப்படுத்தியது. பின்புறம் நீர் விரைந்து புகுந்தது.

விமானி மீது குறை கூற இடமில்லை. எஞ்சின் இல்லாத விமானத்தை அவ்வளவு துல்லியமான கோணத்திலும் வேகத்திலும் கொண்டுவந்து வைப்பது மிக அரிது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. விமானிகளால் அந்த எண்களை எட்ட முடியுமா என்று சான்றளிக்கும்போது யாரும் சோதித்திருக்கவில்லை. சோதிக்க விதி வற்புறுத்தவும் இல்லை.

ஆகவே எண்வழி ஒத்திகையின் உண்மையான பயன், ‘இந்த விமானம் தாங்கும்’ என்று ஒரே விடை சொல்வதில் இல்லை. மாதிரித் தொட்டியில் சில பத்துச் சோதனைகளே இயலும். கணிப்பொறியிலோ மூக்கின் கோணத்தை ஒவ்வொரு பாகையாக மாற்றலாம், ஒரு பக்கம் சாய்க்கலாம், இறங்கும் வேகத்தைக் கூட்டலாம், அலையை எழுப்பலாம். எந்த எல்லை வரை உடல் முழுதாக நிற்கிறது, எங்கே உடையத் தொடங்குகிறது என்ற வரைபடத்தைப் பெறலாம். அந்த எல்லைக்குள் களைத்த, கலங்கிய, எஞ்சின் இழந்த ஒரு விமானியால் வந்து சேர முடியுமா என்று அதன்பின் கேட்க வேண்டும். முடியாதென்றால், தகட்டையோ சட்டத்தையோ நடைமுறையையோ மாற்ற வேண்டும்.

பயணிக்கும் பங்குண்டு

விமானம் நின்றபின் நடப்பது எந்தக் கணக்கிலும் முழுமையாக அடங்குவதில்லை. கொமொரோ விபத்தில், மோதலில் பிழைத்த பலர் உயிர்காப்புச் சட்டையை விமானத்திற்குள்ளேயே ஊதிக்கொண்டனர். நீர் புகுந்து உயர்ந்தபோது சட்டை அவர்களைக் கூரையோடு சேர்த்து மிதக்கவைத்தது. நீருக்குள் மூழ்கிக் கதவை அடைய அவர்களால் இயலவில்லை.

எனவே வாசகர்களே, நீங்கள் விமானத்தில் செல்லும்போது, புறப்படுமுன் பணியாளர் காட்டும் செய்கைகளைக் கவனியுங்கள். சட்டையை இருக்கையிலேயே அணிந்துகொள்ளுங்கள். கதவைத் தாண்டும்போதுதான் ஊதுங்கள். இடைவாரை இறுக்கிக்கொண்டு, சொல்லிய முறையில் குனிந்திருங்கள். உங்களுக்கும் கதவுக்கும் இடையில் எத்தனை இருக்கை வரிசைகள் உள்ளன என்பதை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 1,200 கோடி கட்டங்களில் போடும் கணக்கோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய கணக்குத்தான். ஆனால் அதை நீங்கள்தான் போட வேண்டும்.